பழைய மசில் காருக்கு எந்த இன்ஜின்?

என் மசில் கார் (60, 70களில் பெரிய இன்ஜினோடு வந்த அமெரிக்க ரகம்) 1970 ஷெவர்லே ஷெவெல். அது கைக்கு வந்தபோது பானட்டுக்குள் இருந்தது 307 கன அங்குலக் கொள்ளளவுள்ள வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். இனி வரும் 454, 383, 350 எல்லாம் அதே கன அங்குலக் கணக்குதான். எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு 454 போடு." எனக்கும் அந்த ஆசை இருந்தது. அதே வருஷம், அதே உடம்பில், எல்எஸ்6 என்ற 454ஐ 450 குதிரைத்திறன் என்று எழுதி விற்றார்கள். கடைசியில் நான் போட்டது 350 இன்ஜினின் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடம்பு) செய்த 383. ஆறு வருஷமாக அதைத்தான் ஓட்டுகிறேன்.

முதலில் அந்தக் குதிரைத்திறன் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 1971 வரை விளம்பரத்தில் போட்ட கணக்கு, சைலன்சர், ஏர் கிளீனர், ஃபேன் போன்றவற்றின் சுமை இல்லாமல் ஸ்டாண்டில் வைத்து எடுத்தது. 1972லிருந்து எல்லாம் மாட்டிய நிலையில் எடுத்த கணக்கைப் போட்டார்கள். ஷெவெலின் 454 விளம்பரத்தில் 1971ல் 365 ஆக இருந்து மறு வருஷம் 270 ஆனதற்கு அதுதான் முக்கியக் காரணம். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு இன்ஜின் வாங்கினால் ஏமாந்துபோவோம்.

அடுத்து, வண்டி எந்த ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று) வாழப்போகிறது என்று கணக்குப் போடுங்கள். மணிக்கு எத்தனை மைல் என்பதைப் பின் அச்சின் கியர் விகிதத்தால் பெருக்கி, அதை 336ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் அங்குலக் கணக்கில் வகுத்தால் ஆர்பிஎம் வந்துவிடும். 26 அங்குல டயர், 3.08 கியர், 65 மைல் வேகம் என்றால் சுமார் 2,600. அதே வேகத்தில் 3.73 கியர் போட்டால் 3,100க்கு மேல். அதோடு 0.70 ஓவர்டிரைவ் (இன்ஜின் சுற்றைக் குறைக்கும் மேல் கியர்) உள்ள கியர்பாக்ஸ் சேர்ந்தால் 2,200க்கு இறங்கிவிடும். தெருவில் ஓடும் கார் பெரும்பாலான நேரம் 1,500க்கும் 3,500க்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் இழுவை தரும் இன்ஜினைத் தேடுங்கள். 6,500ல் வரும் உச்ச சக்தியைச் சிக்னலுக்குச் சிக்னல் ஓடும் கார் பார்க்கவே போவதில்லை.

383 எனக்குப் பிடித்துப்போனதற்கும் இதுதான் காரணம். 350ன் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48. சிலிண்டரை 0.030 அங்குலம் ரீபோர் செய்து (குடைந்து பெரிதாக்கி), 3.75 ஸ்ட்ரோக் கிராங்க் வைத்தால் 383 கன அங்குலம். கொள்ளளவு கூடுவதால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுக்கிறது. வெளியே பார்க்க ஷெவர்லேயின் அதே ஸ்மால் பிளாக் (சிறிய வகை), அதே மவுண்ட். 454 போன்ற பிக் பிளாக் போட்டால் முன் சக்கரத்தின் மேல் சுமார் 100 பவுண்டு கூடும். வளைவில் திருப்பும்போது அந்த எடை ஸ்டீயரிங்கில் தெரியும்.

கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் 240 டிகிரி டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் அளவு; டேப்பட் 0.050 அங்குலம் உயர்ந்த நிலையில் அளப்பது) உள்ள கேம் போட்டேன். ஐடிலிங் சத்தம் நெஞ்சுக்குள் தட்டும், அவ்வளவு அழகு. ஆனால் இன்ஜின் உறிஞ்சுவதால் வரும் வேக்குவத்தை அளக்கும் கேஜ் 9 அங்குலத்தை (பாதரசக் கணக்கு) தாண்டவில்லை. ஒருநாள் சிக்னலுக்கு இறங்கும் சரிவில் இரண்டாவது முறை பிரேக் மிதித்தபோது பெடல் கல்லாக நின்றது. பவர் பிரேக்குக்கு இன்ஜினின் வேக்குவம்தான் உயிர். இரண்டு காலையும் வைத்து அழுத்தித்தான் வண்டி நின்றது. அந்த வாரமே 218 டிகிரி கேமுக்கு மாறினேன். கேஜ் 16ல் நிற்கிறது. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது கேமுக்குத்தான் முழுசாகப் பொருந்தும்.

பழைய பிளாக் வாங்கப் போகும்போது சின்ன முகக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். பின்பக்கம் ஃபிளைவீல் இருக்கும் மேல்தளத்தில் வார்ப்பு எண் இருக்கும். 3970010 என்றால் 70களில் நிறைய வந்த 350. கிராங்க்கைப் பிடித்திருக்கும் மெயின் மூடிகள் 2 போல்ட்டா, 4 போல்ட்டா என்பது ஆயில் சம்ப்பைக் கழற்றினால்தான் தெரியும்; வெளி எண்ணைக் காட்டி யாராவது 4 போல்ட் என்றால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கழற்றியிருந்தால் சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து மேலே இழுங்கள். நகம் தட்டி நின்றால் அந்தப் பள்ளம் ரிங் தேய்த்தது, ரீபோர் கட்டாயம். ஏற்கனவே 0.060 ரீபோர் செய்த பிளாக் என்றால் நான் விட்டுவிட்டு வந்துவிடுவேன். சுவர் மெலிந்து சூடேறும்.

1987க்குப் பிந்தைய 350 கிடைத்தால் ரோலர் கேம் (டேப்பட்டின் அடியில் உருளை இருக்கும் வகை) வைக்கும் வசதி அதில் பெரும்பாலும் இருக்கும். டேப்பட்டின் அடி தட்டையாக உரசி ஓடும் பழைய ஃபிளாட் டேப்பட் கேமுக்கு ஜிங்க் கலந்த ஆயிலும், முதல் ஸ்டார்ட்டில் 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் 20 நிமிஷ ஓட்டமும் வேண்டும். தவறினால் கேமின் மேடுகள் தேய்ந்துபோகும். 1986லிருந்து பின் மெயின் சீல் (கிராங்க்கின் பின்முனையில் ஆயில் ஒழுகாமல் தடுப்பது) ஒரே துண்டு. கிராங்க்கையும் ஃபிளைவீலையும் அதற்கேற்ப வாங்குங்கள். பங்க் பெட்ரோலுக்கு, இரும்பு ஹெட் என்றால் கம்ப்ரெஷன் விகிதம் 9.5க்கு மேல் வேண்டாம். அலுமினியம் என்றால் 10ஐக் கொஞ்சம் தாண்டலாம்.

தினமும் ஓட்டப் போகிறவர்களுக்கு 1999லிருந்து ஜிஎம் (ஷெவர்லேயின் தாய் நிறுவனம்) டிரக்குகளில் வந்த இரும்பு பிளாக் 5.3 லிட்டரைத்தான் சொல்வேன். இது 1997ல் தொடங்கிய எல்எஸ் குடும்பம். 1970ன் எல்எஸ்6க்கும் இதற்கும் உறவில்லை. குளிரில் ஒரே திருகலில் பிடிக்கும். ஆனால் கார்புரேட்டருக்கு 6 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் போதும் என்ற இடத்தில் இதற்கு 58 வேண்டும். ஆகவே டேங்குக்குள் பம்ப், புது பெட்ரோல் லைன், கம்ப்யூட்டர், வயரிங், சம்ப் எல்லாவற்றையும் பட்ஜெட்டில் எழுதிவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவர்களுக்கு ஃபோர்டின் 302 நோகாமல் உட்காரும். 351 விண்ட்சர் பிளாக் 9.5 அங்குல உயரம், 302க்கு 8.2, 60களின் மஸ்டாங்கில் ஹெடர் (புகை வெளியேறும் குழாய்கள்) மாட்ட இடம் நெருக்கும். ஃபோர்டின் பிற்கால இன்ஜினான கொயோட்டி போட, முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் ஷாக் டவரையே வெட்ட வேண்டிவரும். டாட்ஜ், பிளைமவுத் ஆட்கள் 360ஐ முதலில் பாருங்கள்.

உங்கள் கார் பிறந்த இன்ஜினோடு இருக்கிறதா என்று மட்டும் முன்னதாகப் பார்த்துவிடுங்கள். ஷெவர்லேயில் 1968லிருந்து, பயணி பக்க (அமெரிக்கக் காரில் வலது) ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் இருக்கும் தட்டையில் வண்டி எண்ணின் ஒரு பகுதி குத்தியிருக்கும். ஒத்துப்போனால் அந்த பிளாக்கை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். அதையே ஓவர்ஹால் செய்வதானால், மேல்தளத்தைச் சீவும்போது அந்த எண்ணில் கை வைக்க வேண்டாம் என்று லேத் பட்டறையில் எழுதியே கொடுங்கள். சீவினால் எண் போய்விடும்.

பழைய இன்ஜினைத் தூக்கும் முன் இன்னொரு வேலை. ஏர் கிளீனர் மூடிமேல் களிமண் உருண்டை வைத்து, பானட்டை மெல்ல மூடித் திறந்து, நசுங்கிய உயரத்தை அளந்து பாருங்கள். எனக்கு ஒன்றேகால் அங்குலம் வந்தது. வாங்க நினைத்த மேனிஃபோல்டு (கார்புரேட்டர் உட்காரும் பாகம்) பழையதைவிட ஒன்றரை அங்குலம் உயரம். உயரம் குறைந்ததாகப் பார்த்து ஆர்டர் போட்டேன்.