ஸ்டெர்ன்டிரைவ் படகில் சைடு இமேஜிங் டிரான்ஸ்டியூசர் பொருத்துவது எப்படி?

முதல் முறை நான் பொருத்திக் கொடுத்த படகை ஓட்டிப் பார்த்த தம்பி போனில் சொன்னது இது: “அண்ணா, வலது பக்கம் கண்ணாடி மாதிரி தெரியுது. இடது பக்கம் ராத்திரி.”

போய்ப் பார்த்தால் உண்மைதான். சைடு இமேஜிங் என்பது படகின் இரண்டு பக்கமும் தண்ணீருக்கடியில் இருப்பதை ஒலியால் படமாக்கித் திரையில் காட்டும் கருவி. அந்த ஒலியை அனுப்பி, எதிரொலியை வாங்கும் பகுதிதான் தண்ணீருக்குள் நிற்கும் டிரான்ஸ்டியூசர். திரையில் பாதி ஏரியைக் காணோம். கருவியில் குறை இல்லை, கனெக்‌ஷன் சரி, ஸ்குரூ எல்லாம் இறுக்கம். இடத்தைத்தான் தப்பாகத் தேர்ந்திருந்தேன். இந்த வேலைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினால், அதில் இரண்டு மணி நேரம் அளவு டேப்பும் நூலும் வைத்துக்கொண்டு இடம் பார்ப்பதற்கே போக வேண்டும். துளை போடுவதெல்லாம் கால் மணி நேரக் கதை.

மலை மேல் இது எதற்கு, மீன் பிடிக்கவா என்று ஊட்டியில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. அந்தப் படகு வந்தது வண்டல் பார்க்கும் வேலைக்கு. சரிவெல்லாம் உருளையும் கேரட்டும் போட்டிருக்கிற ஊரில் ஒரு நல்ல மழைக்கு எவ்வளவு மண் இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அது போய்ப் படுக்கிற இடம் ஏரியும் அணையும்தான். 1820-களில் ஜான் சல்லிவன் உண்டாக்கிய ஊட்டி ஏரியே அன்றைய பரப்பில் இன்று இல்லை. ஒன்று மட்டும்: இங்குள்ள பெரிய அணைகள் மின்வாரியத்துடையவை. எழுத்துப்பூர்வமான அனுமதி கையில் இல்லாமல் படகை இறக்காதீர்கள்.

இது எப்படிப் பார்க்கிறது?

டிரான்ஸ்டியூசர் இரண்டு பக்கமும் ஒலியை விசிறி போல விரிக்கிறது. மேலிருந்து கீழாக அந்த விசிறி அகலம். முன்பின்னாகப் பார்த்தால் மிக மெல்லிசு. அப்பளத்தை நெட்டுக்குத்தலாக நிறுத்தியது போல. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கோடுதான் கிடைக்கும். படகு நகர நகரக் கோடுகள் அடுக்கி வந்து படமாகின்றன, ஜெராக்ஸ் மெஷினில் வெளிச்சம் நகர்கிற மாதிரி. அந்த அப்பளத்தின் குறுக்கே எது வந்தாலும் அதற்குப் பின்னால் இருட்டு.

ஸ்டெர்ன்டிரைவில் இன்ஜின் படகுக்குள்ளே இருக்கும். பின்சுவரைத் தாண்டி வெளியே, புரொப்பெல்லரைத் தாங்கும் கால் போன்ற லெக் தொங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் லெக் பக்கவாட்டில் திரும்பும், டிரிம் பட்டனை அழுத்தினால் மேலும் கீழும் போகும். படகின் அடிமட்டத்துக்குக் கீழே நன்றாக இறங்கி, நட்டநடுவில் நிற்கும். நான் பிராக்கெட்டை நீட்டிப் பின்னால் தள்ளி வைத்ததில் டிரான்ஸ்டியூசர் லெக்குக்கு நேராகப் போய் நின்றுவிட்டது. அதனால்தான் இடது பக்கம் ராத்திரி.

இடம் பார்ப்பது

படகை டிரெய்லரோடு சமதளத்தில் நிறுத்துங்கள். நீலகிரியில் சமதளம் தேடுவதே தனி வேலை. கிடைக்காவிட்டால் ஜாக்கி வைத்து, தண்ணீரில் மிதக்கும்போது எப்படி நிற்குமோ அப்படி மட்டப்படுத்துங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போதும்.

எந்தப் பக்கம்? பின்னாலிருந்து பார்க்கும்போது, படகு முன்னே போகையில் புரொப்பெல்லர் கடிகாரமுள் திசையில் சுற்றினால், வலது பக்கம் பிளேடு கீழ்நோக்கி இறங்குகிறது. அந்தப் பக்கம் நுரை குறைவு, எனவே வலது பக்கம். எதிர்த் திசையில் சுற்றினால் இடது. புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 38 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் வரம்புகள், தண்ணீர் இழுக்கும் துளைகள், படகின் சாய்வைச் சரிசெய்யும் டிரிம் டேப் தகடுகள் ஆகியவற்றுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். அங்கிருந்து வரும் தண்ணீரில் காற்றுக் குமிழ் இருக்கும். ஒலிக்குக் குமிழ் ஒரு சுவர். டிரெய்லரின் ரோலர் எங்கே உரசும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நூல். மாஸ்கிங் டேப்பால் டிரான்ஸ்டியூசரை உத்தேச இடத்தில் ஒட்டுங்கள். லெக்கை முழுக்க இறக்குங்கள். டிரான்ஸ்டியூசரின் முன் முனையில் நைலான் நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, உதவிக்கு இருப்பவரை மறு நுனியோடு படகின் எதிர்ப்பக்கம் போகச் சொல்லுங்கள். நூல் படகின் நீளத்துக்குச் செங்குத்தாக இருக்கட்டும். முதலில் கிடையாக இழுங்கள். அப்புறம் மெல்ல மெல்லத் தரை வரை இறக்குங்கள். பின் முனையிலிருந்தும் இதையே செய்யுங்கள், ஏனென்றால் சைடு இமேஜிங் டிரான்ஸ்டியூசர் நீளமானது. நூல் லெக்கைத் தொடும் இடமெல்லாம் திரையில் இருட்டு. டிரான்ஸ்டியூசரைப் பின்சுவரோடு ஒட்டினாற்போல் கொண்டுபோனால் பெரும்பாலும் நூல் லெக்குக்கு முன்னால் தப்பிப் போகும். லெக்கைக் கொஞ்சம் வெளியே டிரிம் செய்தால், அதாவது பின்சுவரை விட்டு விலகும்படி தூக்கினால், இன்னும் இடம் கிடைக்கும்.

எப்படி வைத்தும் நூல் தொடுகிறதா? சில கம்பெனிகள் இடம், வலம் என்று இரண்டு தனி டிரான்ஸ்டியூசர்களாக விற்கின்றன, லெக்குக்கு இருபுறமும் ஒவ்வொன்று. செலவு கூடும். இல்லையென்றால் படகின் பக்கவாட்டில் ஒரு குழாயில் மாட்டி, வேலை நேரத்தில் மட்டும் தண்ணீரில் இறக்கலாம். அழகாக இருக்காது, படம் அழகாக வரும்.

துளைக்கு முன் கடைசிச் சோதனை: ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கோடி வரை திருப்புங்கள், லெக்கை முழுக்கத் தூக்கி இறக்குங்கள். பிராக்கெட்டிலோ கேபிளிலோ எங்கும் உரசக் கூடாது. மலிவு என்று லெக்கிலேயே பிராக்கெட்டை ஸ்குரூ செய்யச் சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். அது அலுமினியம், வேற்று உலோகத்தைக் கூட்டு சேர்த்தால் அரிக்கும்.

பலகையும் துளையும்

பின்சுவரில் நேரடியாகத் துளைத்தால், இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் நாலு புதுத் துளை. நான் இடையில் ஒரு பிளாஸ்டிக் பலகை வைக்கிறேன். பாத்திரக்கடையில் கிடைக்கும் கனமான வெள்ளைக் காய் நறுக்கும் பலகைதான். உளுத்துப் போகாது. அதில் எந்தப் பசையும் சரியாக ஒட்டாது என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவால் பிடிக்க வேண்டும். இனிமேல் பிராக்கெட்டை மாற்றும் துளைகள் எல்லாம் பலகையோடு போகட்டும்.

ஃபைபர் சுவருக்குள் பல படகுகளில் பிளைவுட் இருக்கும். துளை வழியாக நீர் இறங்கினால் உள்ளேயே ஊறி மக்கும், வெளியே தெரியாது. எனவே:

1. துளை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறியிடுங்கள்.
2. டிரில் பிட்டில் ஸ்குரூவின் ஆழத்துக்கு ஒரு டேப் துண்டு சுற்றுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம்.
3. முதலில் டிரில்லை ரிவர்ஸில் ஓட்டி மேல் பூச்சைத் தேயுங்கள், பிறகு முன்னோக்கி. பூச்சு சில்லு சில்லாகப் பெயராது.
4. துளைக்குள்ளும் ஸ்குரூ மரையிலும் படகுக்கான சீலண்ட் தாராளமாக. பிதுங்கி வர வேண்டும்.

சீலண்ட் விஷயத்தில் மலைவாசிகளுக்குத் தனிப் பாடம். டிசம்பர், ஜனவரியில் காலையில் படகு முழுக்க நீர்ப்பனி. ஈரச் சுவரில் சீலண்ட் பிடிக்காது. துடைத்து, ஹேர் டிரையரில் காய வைத்த பிறகே ஆரம்பியுங்கள். குளிரில் இறுகவும் நாளாகும். டப்பாவில் போட்டிருக்கும் கணக்கு சமவெளிக்கு. நான் அதை இரண்டு மடங்காக்கிக்கொள்கிறேன்.

டிரான்ஸ்டியூசரின் முகம் படகின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும், அரை சென்டிமீட்டர் போல. அடிப்பகுதி V வடிவில் சாய்ந்திருந்தாலும் டிரான்ஸ்டியூசர் அந்தச் சாய்வைப் பின்பற்றக் கூடாது. ரசமட்டத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், குமிழி நடுவில் நிற்க வேண்டும். சாய்ந்தால் ஒரு பக்கம் தரையையும் மறுபக்கம் வானத்தையும் பார்க்கும்.

கேபிள்

நீர்மட்டத்துக்கு மேலேதான் உள்ளே நுழைய வேண்டும். நீளம் அதிகம் என்று வெட்டாதீர்கள். எட்டு வடிவில் மடித்துக் கட்டுங்கள். இன்ஜின் அறைக்குள் போகும்போது பெல்ட், சூடான எக்ஸாஸ்ட், இக்னிஷன் வயர் மூன்றையும் விட்டு விலகிப் போகட்டும். அந்த அறையில் பெட்ரோல் ஆவி தேங்கும். ஃபியூஸ், சுவிட்ச் போன்ற தீப்பொறி வரக்கூடிய எதையும் அங்கே வைக்காதீர்கள். இன்ஜினைக் கிளப்பும் முன், அந்த ஆவியை வெளியே தள்ளும் புளோயரை ஓட விடுங்கள். கருவிக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக, அதற்குரிய ஃபியூஸோடு.

டிரெய்லரில் இழுத்துப் போகிறவர்கள் கிளிப்புகளைக் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கும்போது தொங்கும் கேபிள் எங்காவது மாட்டும்.

தண்ணீரில்

கருவியில் நன்னீர் என்று அமைத்துக்கொள்ளுங்கள். வேகமாக நடப்பதை விடச் சற்றுக் கூடுதல் வேகம், நேர்கோடு. திருப்பத்தில் படம் கோணும், அது கருவியின் குற்றமல்ல. லெக்கைச் சற்றே வெளியே டிரிம் செய்து பாருங்கள். அளவுக்கு மீறித் தூக்கினால் இன்ஜினுக்குத் தண்ணீர் போகாது. முதல் ஓட்டம் முடிந்ததும் ஸ்குரூக்களை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். டிரான்ஸ்டியூசரின் முகத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும், பெட்ரோலும் தின்னரும் வேண்டாம்.

அந்தப் படகில் டிரான்ஸ்டியூசரைச் சுவரோடு ஒட்டி, லெக்கை விட்டு இன்னும் ஒரு சாண் ஓரமாகத் தள்ளி மறுபடி பொருத்தினேன். இரண்டு பக்கமும் வந்தது. பழைய துளைகளை எபாக்சியால் அடைத்து வெள்ளை பூசினேன். நிறம் சேரவில்லை, நாலு பொட்டும் இன்னும் தெரிகின்றன.