மன்றத்தில் மாலை வகுப்பு: எங்கே கோட்டை விடுகிறோம்?

ஊருக்கு ஊர் ஒரு இளைஞர் மன்றம் இருக்கும். ஒரு கேரம் போர்டு, மூலையில் சுருட்டி வைத்த வாலிபால் வலை, பொங்கல் விளையாட்டுப் போட்டியின் பழைய பேனர். அந்த அறையைச் சாயங்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாமே என்று யாருக்காவது தோன்றும். ஜூனில் தொடக்க விழா, கவுன்சிலருக்குச் சால்வை, அறை கொள்ளாத கூட்டம். காலாண்டுத் தேர்வு முடிந்து பார்த்தால் விரல்விட்டு எண்ணும்படி நாலைந்து பேர். "இப்பல்லாம் பிள்ளைங்களுக்கு போன் இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிவிடுவோம். போன் மேல் பழி போடுவது சுலபம். தொடக்க விழாவுக்கு யோசித்ததில் பாதிகூட, மாலையும் மைக்கும் இல்லாத ஒரு புதன்கிழமை சாயங்காலத்துக்கு நாம் யோசிப்பதில்லை. கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தவைதான்.

ஐந்து மணிக்கு இன்னொரு பள்ளிக்கூடம்

முதல் தவறும் பெரிய தவறும் இது. பெற்றோர் கேட்பதும் இதைத்தான்: "ஹோம்வொர்க்கை முடிச்சு அனுப்பிடுங்க." மன்றத்துக்காரர்களுக்கும் நோட்டைத் திறந்து உட்காரவைப்பதுதான் கைவந்த வேலை. காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை உட்கார்ந்தே இருந்த உடம்பு அது. அதை மறுபடி உட்காரவைத்தால், படிப்பில் பின்தங்கிய பிள்ளைதான் முதலில் வராமல் நின்றுவிடும். பகலில் வகுப்பில் வாங்கிய பேச்சைச் சாயங்காலம் இன்னொரு தடவை வாங்க அது எதற்கு வரவேண்டும்?

கொரோனாவால் பள்ளிகள் மூடியதில் உண்டான கற்றல் இடைவெளியைக் குறைக்கத் தமிழக அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. பாடத்தை ஈடுகட்டுவதே நோக்கமான அந்தத் திட்டத்திலேயே பாட்டு, கதை, விளையாட்டு வழியாகத்தான் போகச் சொன்னார்கள். மாலை 5 முதல் 7 மணிக்குள், ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். எந்தப் பாடமும் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத நாம் அதைவிட இறுக்கமாக இருப்பது வேடிக்கை.

வரிசையை மாற்றினாலே பாதி சரியாகிவிடும். முதலில் தின்ன ஏதாவது, பிறகு ஓட்டம், கடைசியில் உட்காரும் வேலை. வீட்டுப்பாடம் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஓர் ஓரம் ஒதுக்கிவிடலாம். தின்பதற்குச் சுண்டலை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரும். 25 பிள்ளைகளுக்குத் தாராளம். ஆனால் அதை முந்தின ராத்திரியே யாராவது ஊறப்போட வேண்டும். அந்த "யாராவது" யார் என்று முடிவுசெய்யாமல்தான் பல மன்றங்கள் ரோபோட்டிக்ஸ் வகுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன.

ஒரு போர்டு, இருபது பிள்ளைகள்

கேரம் போர்டில் ஒரே சமயத்தில் நாலு பேர்தான் ஆடலாம். மீதிப் பதினாறு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பிறகு சண்டை போடுவார்கள். பிள்ளைகள் அடங்கமாட்டேன் என்கிறார்கள் என்ற புகார் பல இடங்களில் பொருள் பற்றாக்குறையின் இன்னொரு பெயர். எல்லார் கைக்கும் வேலை கிடைக்கிற மாதிரிப் பொருள் வாங்க வேண்டும்: நாலைந்து பல்லாங்குழி, தரையில் சாக்பீஸால் கோடு போட்ட ஆடுபுலி ஆட்டம், பழைய செய்தித்தாள், பசை, கத்தரிக்கோல். நன்கொடையாக வந்த கம்ப்யூட்டரை உடைந்துவிடும் என்று துணி போட்டு மூடிவைப்பதற்கு, அதை வாங்காமலே இருந்திருக்கலாம்.

கேரமைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இரண்டு முறை, 1991-லும் 1995-லும், உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலகப் பட்டம் வென்றார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார். வடசென்னையின் தெருக்களில் இந்த ஆட்டம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். "ஆளுமை வளர்ச்சி முகாம்" என்று வெளியூர்ப் பேச்சாளரை வரவழைத்து ஒரு நாள் நடத்துவதைவிட, சைக்கிள் கடைக்காரரோ தையல்காரரோ பறை அடிக்கத் தெரிந்த ஓர் அண்ணனோ வாரத்தில் இரண்டு சாயங்காலம் தவறாமல் வந்து தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பது எத்தனையோ மேல். திறமைக்கு நம் தெருவிலேயே ஆள் இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

பெண் பிள்ளைகள் ஏன் நின்றுவிட்டார்கள்?

நவம்பரில் சென்னையில் 5.45-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் 6.30 தாண்டும். நாமோ ஜூனில் எழுதி ஒட்டிய நேர அட்டவணையை நவம்பரிலும் மாற்றுவதில்லை. மழை வேறு. இருட்டியபின் தெருவிளக்கு இல்லாத சந்து வழியாகப் பத்து வயதுப் பெண்ணை எந்த அம்மா அனுப்புவார்? "பெண்களுக்கு ஆர்வம் இல்லை" என்று கமிட்டிக் கூட்டத்தில் முடிவெழுதும் முன்பு, முடிக்கும் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளிப் பாருங்கள். கழிவறையில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, பையன்கள் பந்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறார்களா, மன்றத்து வாசலில் பெரிய பையன்கள் சிகரெட்டோடு நிற்கிறார்களா என்றும் பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்றைப் பலரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மன்றம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே யார் வருவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. ஊருக்குள் இருந்தால் காலனிப் பிள்ளைகள் தயங்குவார்கள். காலனியில் இருந்தால் ஊர்க்காரர்கள் அனுப்பமாட்டார்கள். "எல்லாரும் வரலாம்" என்று பலகை எழுதிவைத்தால் தீர்கிற விஷயமா இது? பள்ளி மைதானம், நூலகம் போல இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில் நடத்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். தன்னார்வலர்களும் இரண்டு பக்கத்திலிருந்தும் இருக்க வேண்டும்.

எல்லாம் ஒரே ஆள் தலையில்

துடிப்பான ஒரு கல்லூரி மாணவர் கிடைத்துவிட்டால் சாவியையும் அவரிடமே கொடுத்துவிடுவோம். அவருக்கு செமஸ்டர் வரும், வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும். வகுப்பும் அவரோடு போய்விடும். ஆறு வாரம், எட்டு வாரம் என்று சின்னச் சுற்றுகளாகப் பிரித்து, தேர்வையும் தீபாவளியையும் விட்டுத் திட்டமிட்டால் ஆள் மாறினாலும் தாங்கும். முடிந்தால் பேருந்துச் செலவுக்காவது கொடுங்கள். சேவை மனப்பான்மைக்கு மாதக் கடைசியில் பசிக்காதா என்ன?

பாதுகாப்புக்கும் ஒரே ஆள் கூடாது. எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்தே இருக்க வேண்டும், எந்தப் பிள்ளையையும் தனியாகக் கூட்டிப்போகக் கூடாது. நம்ம பையன்தானே என்ற சமாதானம் செல்லாது. பிள்ளை ஒன்று பாலியல் தொல்லையைப் பற்றிச் சொன்னால் "ஊருக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்" என்று கமிட்டி கூட்டுவது சட்டப்படியே தவறு. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்குத் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில் எழுதிவையுங்கள். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதையும் விட்டுவிடலாம்.

போட்டி, பரிசு பற்றி ஒரு வார்த்தை. எந்தப் போட்டி வைத்தாலும் அதே மூன்று பிள்ளைகள்தான் ஜெயிக்கும். ஆண்டு விழா ஒத்திகை என்று ஜனவரி முழுக்கக் காணாமல் போகும். வருஷத்துக்கு ஒரு விழா போதும்.

வருகை நோட்டில் டிக் அடிப்பதோடு நிறுத்தாமல், வராததற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் போடுங்கள். மூன்று நாள் வராவிட்டால் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்து அதை நிரப்ப வேண்டும். அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பல வீடுகளில் பதில் வரும். தம்பியையும் கூட்டிக்கொண்டே வரச் சொல்லுங்கள். சுண்டலில் ஒரு கைப்பிடி கூடப் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.