மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் முன்னாள் படைவீரரின் இயலாமைச் சதவீதமும்

அமெரிக்கப் படையில் பணியாற்றியபோது முழங்கால் கெட்டு, இப்போது அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தப் பதிவு. என் கணவருக்காக நான்தான் தாள்களைச் சேர்த்தேன். முழங்கால் பாதிப்பு பணியால் வந்தது என்று படைவீரர் நலத் துறையான வி.ஏ. ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பாதிப்பின் அளவுக்கு வி.ஏ. ஒரு சதவீதம் போடும், மாதத் தொகை அதைப் பொறுத்தது.

1. அறுவை சிகிச்சை முடிந்ததும் தற்காலிக 100 சதவீதத்துக்கு, அதாவது தேறும் காலத்துக்கு மட்டும் தரும் முழு இயலாமைக்கு, விண்ணப்பியுங்கள். தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள்.

2. மருத்துவரின் கடிதம். எல்லாம் இதில்தான் இருக்கிறது. "ஓய்வு தேவை" என்ற ஒற்றை வரி போதாது. குறைந்தது ஒரு மாத ஓய்வு, ஆறாத புண், ஊன்றுகோல், சக்கர நாற்காலி, வீட்டிலேயே முடங்கியிருக்கும் நிலை என்று விதி திட்டவட்டமாகப் பேசுகிறது. எங்களுக்குக் கிடைத்த டிஸ்சார்ஜ் தாளில் இவை எதுவுமே இல்லை. "இத்தனை வாரம் வேலைக்குப் போகக் கூடாது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்கக் கூடாது" என்று தேதியோடு எழுதித் தரும்படி விடாமல் கேட்டு வாங்கினேன். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். தபாலை நான் நம்ப மாட்டேன், வி.ஏ. இணையதளத்தில் பதிவேற்றி, ரசீதுப் பக்கத்தை அச்செடுத்து வைப்பதே நல்லது.

3. முழு மூட்டு மாற்றுக்கு முதலில் ஒரு மாதம், அதன்பின் 4 மாதம் 100 சதவீதம் உண்டு. 2021 பிப்ரவரிக்கு முன் இது ஓராண்டாக இருந்தது. பழைய கணக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பிறகு சதவீதம் இறங்கும். ஆனால் முழுதாக மாற்றிய முழங்காலுக்கு 30 சதவீதத்துக்குக் கீழே போகாது. கடுமையான வலியோ பலவீனமோ நீடித்தால் 60.

4. சதவீதத்தை முடிவுசெய்ய வி.ஏ. நடத்தும் மறுபரிசோதனையில் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்க வேண்டாம். வலி தொடங்கும் இடத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். மோசமான நாட்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்திருங்கள். எனக்குச் செயலிகளைவிடக் காகிதமே பிடிக்கும்.

5. மூட்டு மாற்று அல்லாத வேறு அறுவை சிகிச்சையால் குணம் தெரிந்து, வழக்கமான தொகையைக் குறைக்கப்போவதாகக் கடிதம் வந்தால், சான்று அனுப்ப 60 நாள், நேரில் பேச வாய்ப்புக் கேட்க 30 நாள். இந்த 30 நாளைத் தவறவிடாதீர்கள். ஐந்தாண்டுக்கு மேல் நிலைத்த சதவீதத்தை ஒரே பரிசோதனையை வைத்துக் குறைப்பது கடினம். 20 ஆண்டு தொடர்ந்து இருந்ததை, மோசடி இருந்தாலொழியக் குறைக்க முடியாது. தற்காலிக 100 முடிவதற்கு மட்டும் இந்த முன்னறிவிப்பு கிடையாது.

பின்சேர்க்கை: மூட்டின் ஒரு பகுதியை மட்டும் மாற்றியவர் ஒருவர் கேட்டிருந்தார். அந்த 4 மாதமும் குறைந்தபட்ச 30-ம் அவருக்குக் கிடையாது. ஆனால் இரண்டாம் படியில் சொன்ன ஓய்வுக்கால 100 அவருக்கும் பொருந்தும். தழும்பு வலித்தால் அதையும் தனியாகக் கேளுங்கள். வலிக்கும் தழும்பு ஒன்றோ இரண்டோ இருந்தால் 10 சதவீதம்.