வேட்பாளரின் செலவுக் கணக்கைப் பார்ப்பது எப்படி?

பேரேடு, ஐந்தொகை என்றால் செட்டிநாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கண்ணோடு தேர்தல் கணக்கையும் பார்க்கலாம், சட்டம் அனுமதிக்கிறது.

முடிவு அறிவித்த 30 நாளுக்குள், தோற்றவர் உட்பட ஒவ்வொரு வேட்பாளரும் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். காரைக்குடி, திருப்பத்தூர் சட்டமன்றத் தொகுதிகளுக்குச் சிவகங்கை. திருமயம் தொகுதிக்குப் புதுக்கோட்டை. இதில் பலரும் அலைந்து திரும்புவார்கள். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 88ஆவது விதிப்படி 1 ரூபாய் கட்டி யாரும் பார்க்கலாம். சான்றிட்ட நகலுக்குத் தனிக் கட்டணம். விதி எண்ணை மனுவிலேயே எழுதுங்கள்.

பதிவேட்டில் வெள்ளைத் தாள் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பு ரொக்கம், மஞ்சள் வங்கி. மஞ்சளில் தொடங்குங்கள்: பெரிய தொகை யாரிடமிருந்து வந்தது என்று தெரியும். ஒருவருக்குத் தேர்தல் முழுவதற்கும் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரக்கூடாது. அதைத் தாண்ட ஒரே பந்தல்காரர் இரண்டு மூன்று பெயரில் வருகிறாரா என்று இளஞ்சிவப்பில் பாருங்கள். பிறகு வெள்ளைத் தாளில் நாற்காலி, ஒலிபெருக்கி, வண்டி ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் அறிவித்த விலைப்பட்டியலோடு வைத்துப் பாருங்கள். நாற்காலி எத்தனை போட்டார்கள் என்பதற்குக் கூட்டம் நடந்த அன்றே தேதியோடு எடுத்த படம் வேண்டும். அது இல்லாவிட்டால் அவர்கள் எழுதியதுதான் கணக்கு. வேட்புமனுவுக்கு முந்தைய செலவு, மனுவுக்குப் பிறகு பயன்படுத்திய பிரசாரப் பொருளுக்கானது தவிர, இதில் வராது.

சட்டமன்ற வேட்பாளருக்கு 2022 முதல் உச்சவரம்பு 40 லட்சம். கட்சி தன் பொதுப் பிரசாரத்துக்குச் செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. நிறுவனங்களின் பணம் பெரும்பாலும் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். ஆகவே கட்சிக் கணக்கையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் ஆண்டறிக்கை தேர்தல் ஆணையத் தளத்தில் இருக்கிறது. அதில் வரும் நிறுவனம் தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். 2017இல் எடுத்துவிட்ட இந்த வரம்பு, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம், கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாத தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தபோது திரும்ப வந்தது. பழைய பத்திரங்களுக்கு, வாங்கியவர் பட்டியலிலும் பணமாக்கிய கட்சிப் பட்டியலிலும் பத்திர எண்ணைப் பொருத்துங்கள். நிறுவனங்களிடம் பணம் திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துத் தரும் தேர்தல் அறக்கட்டளை வழியாகப் போன பணத்தில், எந்த நிறுவனத்தின் தொகை எந்தக் கட்சிக்கு என்று பெரும்பாலும் பிரித்தறிய முடியாது.

வென்றவரை எதிர்த்துத் தேர்தல் வழக்குப் போட, வெற்றி அறிவித்த நாளிலிருந்து 45 நாள்தான் கெடு. கணக்கு 30ஆம் நாள் வந்தால் மிச்சம் 15 நாள். கணக்கு வந்த இரண்டு நாளில் ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அதைப் பார்த்த அன்றே நகலுக்கு மனு கொடுங்கள்.