மாடல் விமானத்துக்கு சிஜி பார்ப்பது: ஸ்கேலை எங்கே வைக்கிறீர்கள்?

சிஜி என்றால் ஈர்ப்பு மையம் (center of gravity), விமானம் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் புள்ளி. அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 75 மி.மீ. பின்னால் என்று கையேட்டில் போட்டிருந்தது. நானும் 75 மி.மீ. அளந்துதான் விட்டேன். தரையை விட்டு எழும்பியதுமே விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டது. எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) கீழே தள்ளியும் அடங்கவில்லை. வேகம் செத்து, ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. தேறியது இரண்டு சர்வோ (தகடுகளை அசைக்கும் குட்டி மோட்டார்) மட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பறக்கும்போது இருக்கும் எல்லாமே விமானத்தில் இருக்க வேண்டும்: ப்ரொப்பெல்லர், ரிசீவர், பேட்டரி. பேட்டரியை இடத்தில் வைத்தால் போதும், இணைக்காதீர்கள். எரிபொருள் எஞ்சின் என்றால் டேங்க் காலியாக இருக்கட்டும். டேங்க் பெரும்பாலும் முன்பக்கம்தான். அது தீரத் தீர சிஜி பின்னால் நகரும்.

அடுத்தது அளப்பது. நான் கோட்டை விட்டது இங்கேதான். என் விமானத்தின் இறக்கை நுனியை நோக்கிப் போகப் போக, அதன் முன்விளிம்பு பின்வாங்கும். கையேடு சொன்ன 75 மி.மீ., இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உள்ள முன்விளிம்பிலிருந்து. நானோ விரல் வைக்க வசதியான இடத்தில், உடலிலிருந்து ஒரு சாண் தள்ளி ஸ்கேலை வைத்தேன். அங்கே முன்விளிம்பே 15 மி.மீ. பின்னால் இருந்தது. கணக்கு புரிகிறதா? சிஜி 15 மி.மீ. பின்னால் போய்விட்டது, வால் கனத்துவிட்டது. இப்போதெல்லாம் உடலை ஒட்டி அளந்து, அங்கிருந்து இரு பக்கமும் உடலுக்குச் செங்குத்தாகக் கோடு இழுத்து, அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறேன். கையேடே இல்லையா? நேரான இறக்கை என்றால் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் தொடங்குங்கள்.

டேப்புக்கு அடியில் விரல் கொடுத்துத் தூக்குங்கள். மட்டமாகவோ, மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நின்றால் நல்லது. விற்கிற பிளாஸ்டிக் ஸ்டாண்டுகள் எனக்குப் பிடிப்பதில்லை, கனமான விமானத்துக்கு வளைந்துகொடுக்கின்றன. ஒரு மரக்கட்டையில், பின்முனையில் ரப்பர் உள்ள இரண்டு பென்சில்களை நட்டு வைத்திருக்கிறேன். விரலைவிடத் துல்லியம்.

சரியில்லை என்றால் உடனே ஈயத்தைத் தேடாதீர்கள், பேட்டரியை நகர்த்துங்கள். 1200 கிராம் விமானத்தில் சிஜி 5 மி.மீ. முன்னால் வர, 200 கிராம் பேட்டரியை 30 மி.மீ. முன்னே தள்ளினால் போதும். அதையே மூக்கில் எடை கட்டிச் சாதிக்கப் பார்த்தால், சிஜியிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் 24 கிராம் சும்மா சுமக்க வேண்டும். பேட்டரி நின்ற இடத்தை உள்ளே மார்க்கரால் குறித்துவையுங்கள், வெல்க்ரோ தினமும் ஒரே இடத்தில் ஒட்டாது.

பின்சேர்க்கை: "விரலில் நிற்கவே மாட்டேன் என்கிறது, குப்புறக் கவிழ்கிறது" என்று இருவர் கேட்டிருந்தார்கள். இருவருடையதும் தாழ் இறக்கை விமானம். அதில் எடையின் பெரும்பகுதி விரலுக்கு மேலே இருப்பதால் கவிழத்தான் செய்யும். தலைகீழாகத் திருப்பி, இறக்கையின் மேல்பக்கத்தில் டேப் ஒட்டிப் பாருங்கள், நிற்கும். பேட்டரி நழுவாமல் மட்டும் கட்டிக்கொள்ளுங்கள்.