மாடல் ராக்கெட் ஒட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்டெஸ் நிறுவனத்தின் ஆல்ஃபா போன்ற சின்ன ராக்கெட்டில் என்ன இருக்கிறது? ஒரு காகிதக் குழல், ஒரு மூக்கு, பால்சா என்ற லேசான மரத்தில் மூன்று சிறகுகள், உள்ளே 18 மி.மீ. மோட்டாரை, அதாவது எரிந்து ராக்கெட்டை உந்தும் எரிபொருள் உருளையை, தாங்கும் சிறு குழல். ஒரே மாலையில் ஒட்டிவிடலாம் என்று தோன்றும். அந்த அவசரத்தில்தான் எல்லாம் கெடுகிறது.

மோட்டார் தாங்கியில்தான் பலரும் மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சிறு குழலை வெளிக்குழலின் நடுவில் நிறுத்தும் வளையங்களில் மரப்பசையைத் தடவி, வெளிக்குழலுக்குள் பார்த்துப் பார்த்துத் தள்ளுவோம். பாதி வழியில் "சரியாகப் போகிறதா?" என்று ஒரு நொடி நிறுத்தினால் போச்சு. பசையில் உள்ள நீரைக் காகிதம் உறிஞ்சி உப்பிக்கொள்ளும். வளையம் அங்கேயே இறுகிவிடும். அப்புறம் இழுத்தாலும் வராது, தள்ளினால் குழல்தான் மடங்கும். இப்படி ஒரு குழலை நானே பலி கொடுத்திருக்கிறேன். முதலில் பசையில்லாமல் நுழைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் வளையத்தை உப்புத்தாளில் லேசாகத் தேயுங்கள். எவ்வளவு ஆழம் என்று ஒரு குச்சியில் குறித்துக்கொண்டு, அதே குச்சியால் குழலின் உட்புறம் பசை பூசி, ஒரே மூச்சில் தள்ளிவிடுங்கள். கை தயங்கும் என்றால் இந்த இடத்துக்கு எபாக்ஸி, அதாவது இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை, நல்லது. அது இப்படிச் சட்டென்று பிடிக்காது.

சிறகுகளைக் கண் மதிப்பில் ஒட்டாதீர்கள். குழலைக் கதவு நிலையின் மூலையில் சாய்த்து வைத்துக் கோடு போட்டால் நேராக வரும். கோடுகளுக்கு இடையே 120 பாகை. சிறகின் ஒட்டும் விளிம்பிலும் குழலின் கோட்டிலும் மெல்லியதாகப் பசை தடவி, காயவிட்டு, மறுபடி கொஞ்சம் தடவி அழுத்தினால் சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும். சூப்பர் க்ளூ வேகமானதுதான். ஆனால் தரையில் மோதினால் பட்டென்று விட்டுவிடும். பெயின்ட் அடித்த பரப்பில் ஒட்டுவதும் வீண், பெயின்ட்டோடு சேர்ந்து சிறகும் உரிந்து வரும்.

பலமாக இருக்கட்டும் என்று மூட்டுகளில் எபாக்ஸியை அப்புபவர்களும் உண்டு. வால் கனத்தால் எடை மையம் பின்னால் நகரும். அது காற்றழுத்த மையத்துக்கு, அதாவது பறக்கும்போது காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளிக்கு, குறைந்தது ஒரு குழல் விட்டம், ஆல்ஃபாவில் சுமார் 25 மி.மீ., முன்னால் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ராக்கெட் வானத்தில் கரணம் போடும். பசையை விரலால் மெல்ல இழுத்துவிட்டு, அது உறையும்வரை குழலைப் படுக்கவையுங்கள். நிமிர்த்தி வைத்தால் வழியும்.

கடைசியாக, ஏவும்போது ராக்கெட்டை நேராக வழிநடத்தும் ஏவுகம்பி நுழைய வெளியே ஒட்டும் சிறு குழல். அது கோணினால் ராக்கெட் கம்பியிலேயே சிக்கும். பசை காய்வதற்குள் கம்பியை நுழைத்து, வால் பக்கமிருந்து ஒருமுறை பாருங்கள்.