பச்சைப் பிள்ளையின் மூச்சை எண்ணுங்கள்

என் பேத்தி ஐப்பசி மாரியில் பிறந்தவள். மழைக்குக் கதவு, யன்னல்களைப் பூட்டி எல்லோரும் ஒரே அறைக்குள் இருக்கும் காலம். தடிமன் தாவுவதற்கு அது போதும். 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இருந்து சொந்தங்கள் வந்தபோது, விறாந்தையில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்தேன். 20 விநாடி தேய்த்துக் கழுவாத கை பிள்ளையைத் தொடவில்லை. முகத்தில் யாரையும் கொஞ்ச விடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்த மச்சாளிடம், “குறை நினைக்காதீர்கள், மாறியதும் வந்து நாள் முழுக்கத் தூக்கி வைத்திருங்கள்” என்று படலையிலேயே சொன்னேன். அவர் முகம் வாடியது. ஆனால், நமக்கு வெறும் தடிமனாகப் போகும் ஆர்எஸ்வி வைரஸ், பச்சைப் பிள்ளையின் நூல் போன்ற மூச்சுக்குழாய்களை வீங்கவைத்துச் சளியால் அடைத்துவிடும்.

குளிப்பாட்டியபின் சாம்பிராணி காட்டுவதையும் நிறுத்தினேன். என் மகளுக்கு நானே காட்டியதுதான். ஆனாலும் புகை புகைதான், நுளம்புச் சுருளும் அப்படியே. தாய்க்குத் தடிமன் வந்தால் முகக்கவசம் கட்டிக்கொண்டு தாய்ப்பாலைத் தொடரட்டும். 2, 4, 6 மாத ஊசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். குக்கலுக்கான (கக்குவான் இருமலுக்கான) காப்பு அதில்தான் இருக்கிறது.

இவ்வளவு செய்தும், முன்பள்ளிக்குப் போகும் அண்ணனிடமிருந்து மூன்றாம் மாதத்தில் அவளுக்குத் தடிமன் தொற்றியது. அவன் வந்தவுடன் உடுப்பு மாற்றி, கைகளைக் கழுவிவிடும் வழக்கத்தை அதற்குப் பிறகுதான் தொடங்கினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

அன்று நள்ளிரவில் சட்டையை உயர்த்தி, கைவிளக்கு வெளிச்சத்தில் வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: 58. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் குழி விழுந்தது. இரண்டு வாய் பால் உறிஞ்சுவாள், விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள்.

எண்ணும்போது பிள்ளை அழாமல் இருக்க வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயதுவரை 50. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் இருந்தாலும் விடியும்வரை பொறுக்காதீர்கள். உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சு இடையில் நின்றாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பிள்ளை விழித்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், அது வரும்வரை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருங்கள். இருமல் பாணி எதுவும் பருக்க வேண்டாம்.